ஃபோர் வீல் பிக்கப்பில் கிரவுன் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்: வீட்டு வாசலிலேயே மாற்றும் முறை

இன்ஜின் ஆயிலை நாள் குறித்து மாற்றுகிறவர்கள்கூட, வண்டிக்கு அடியில் இன்னும் மூன்று இடத்தில் எண்ணெய் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஹைலக்ஸ், வி-கிராஸ், ஃபோர் வீல் பொலேரோ கேம்பர் போன்ற பிக்கப்பில் பின்னால் ஒரு டிஃபரன்ஷியல், முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், நடுவில் கியர்பாக்ஸை ஒட்டி ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ். டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்ஜினின் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டி; டிஃபரன்ஷியல் அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. மூன்றுக்கும் டிப் ஸ்டிக் கிடையாது. எண்ணெய் குறைந்தால் மீட்டரில் விளக்கும் எரியாது. சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். அப்போது எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

வேலை கடினமில்லை. பிளக்கைக் கழற்றிப் பழையதை வடித்து, புதியதை ஏற்றி, திரும்ப மூடுவது, அவ்வளவுதான். இந்த வேலையில் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: எந்தத் துளை எதனுடையது, எந்தத் துளைக்கு எந்த எண்ணெய் என்று தெரியாமல் ஸ்பேனரைப் போட்டுவிடுகிறார்கள். அதனால் முதல் அரை மணி நேரத்தைக் கையில் எதையும் எடுக்காமல், வெறும் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

எது எங்கே

பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சிலின் நடுவில் பானை போல உப்பியிருப்பது பின் டிஃபரன்ஷியல். ஒர்க்‌ஷாப்பில் இதைத்தான் கிரவுன் என்பார்கள். அதிலிருந்து முன்னோக்கி ஓடும் ஜாயின்ட் ஷாஃப்டைக் கண்ணாலேயே தொடர்ந்து போனால் அது போய்ச் சேரும் அலுமினியப் பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ். அதே பெட்டியிலிருந்து இன்னொரு ஷாஃப்ட் இன்ஜினுக்கு ஒரு பக்கமாக முன்னால் போகும். அதன் முனையில், இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவே, முன் டிஃபரன்ஷியல் இருக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸும் கியர்பாக்ஸும் ஒட்டியே இருப்பதால் குழப்பம் அங்கேதான் வரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று நினைத்துக் கியர்பாக்ஸை வடித்துவிட்டு, பிறகு சரியான ஃபில்லரைத் திறந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் ஊற்றினால் கதை முடிந்தது: ஒன்று காலி, இன்னொன்று நிரம்பி வழியும். இரண்டு ஷாஃப்டும் எந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றனவோ அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். சந்தேகமே வராமலிருக்க, அடையாளம் கண்ட ஒவ்வொரு பிளக்கின் பக்கத்திலும் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்: கீழே இருப்பது டிரெய்ன், பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஃபில்லர்.

சில வண்டிகளின் பின் ஆக்சிலில் டிரெய்ன் பிளக்கே இருக்காது. பின்பக்கம் வட்டமாகப் போல்ட் போட்ட தகட்டு மூடி மட்டும் இருக்கும். அதற்கான முறையைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

எண்ணெய்: ஒரே கேனில் மூன்றுக்கும் ஊற்றக் கூடாது

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் சாதாரணப் பல்சக்கரங்கள் மாதிரி உருண்டு மட்டும் போவதில்லை. பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். இதற்கு ஹைப்பாய்டு அமைப்பு என்று பெயர். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கியபடியே அழுத்துவதால் வெறும் எண்ணெய்ப் படலம் அங்கே நிற்காது, கிழிந்துவிடும். அதனால் இந்த எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் இருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் அவை எஃகோடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். தேய்வது அந்தப் பூச்சுதான், பல் அல்ல. கியர் ஆயில் பட்ட சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்த நாற்றம் கந்தகத்தின் நாற்றம்.

இந்தச் சேர்மானம் போதிய அளவில் இருப்பதற்கான குறிதான் ஏபிஐ ஜிஎல்-5. டிஃபரன்ஷியல் என்றால் ஜிஎல்-5. அதில் சமரசம் வேண்டாம். கெட்டித்தன்மைக்கு 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90, 75டபிள்யூ-85 என்று வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுவே சரி. கிரவுன் ஊளையிடுகிறது என்று 140 நம்பர் ஆயில் ஊற்றச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், தேய்ந்துபோன பல்லை ஒட்டவைக்காது.

டிரான்ஸ்ஃபர் கேஸின் கதை வேறு. பெரும்பாலும் அதற்குள் ஒரு சங்கிலி ஓடும். சிறிய ஆயில் பம்ப் ஒன்று எண்ணெயை மேலே உள்ள பேரிங்குகளுக்கு ஏற்றும். இப்படிப்பட்ட பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றுகிற சிவப்பு நிற ஏடிஎஃப்தான் விதிக்கப்பட்ட எண்ணெய். அங்கே 90 நம்பரை ஊற்றினால் பம்பால் அதை இழுத்து ஏற்ற முடியாமல் மேல் பேரிங் காயும். தலைகீழாக, ஏடிஎஃப்பை டிஃபரன்ஷியலில் ஊற்றினால் கிரவுன் பற்கள் சீக்கிரமே உரிந்துவிடும். வேறு சில கம்பெனிகள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கியர் ஆயிலையே, ஆனால் மெல்லிய 75டபிள்யூவைக் கேட்கின்றன. ஊகிக்க இடமே இல்லாத விஷயம் இது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில், எண்ணெய் அளவுகள் என்ற அட்டவணையில், மூன்றுக்கும் தனித்தனி வரி இருக்கும். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-ஐவிட ஒரு எண் அதிகம், அதனால் எங்கும் ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம். மேனுவல் கியர்பாக்ஸில் பித்தளையில் செய்த சின்க்ரோ ரிங்குகள் இருக்கும். ஜிஎல்-5-இல் உள்ள சேர்மானம் அதை நாளடைவில் அரிக்கக்கூடும். ஜிஎல்-4 என்று எழுதியிருக்கும் இடத்தில் ஜிஎல்-4 மட்டும்.

பின் ஆக்சிலில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் அல்லது மெக்கானிக்கல் லாக்கிங் வகை டிஃபரன்ஷியல் இருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கும். அவற்றுக்குத் தனி எண்ணெயோ, உராய்வைச் சரிசெய்யும் ஒரு சின்னப் பாட்டில் சேர்மானமோ தேவைப்படலாம். அது இல்லாமல் ஓட்டினால் பார்க்கிங்கில் வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று உதறும். ஹைலக்ஸில் இருப்பதைப் போல சுவிட்சைத் தட்டிப் போடும் எலெக்ட்ரிக் லாக்குக்கு இந்தச் சேர்மானம் தேவையில்லை.

அளவு தோராயமாக இப்படி இருக்கும்: பின்னால் 2 முதல் 3 லிட்டர், சில வண்டிகளில் அதற்கும் சற்று மேல், முன்னால் 1 முதல் 2 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸில் 1 முதல் 2 லிட்டர். கையேட்டு அளவைவிட ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் கூடுதலாக வாங்குங்கள். சிந்தாமல் இந்த வேலை நடக்காது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதும் கையேட்டில்தான் இருக்கிறது. பல வண்டிகளுக்கு அது 40,000 கி.மீ. ஒட்டி வரும். சுமை ஏற்றுகிறவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள், வாரக் கடைசியில் சக்லேஷ்பூர்ப் பக்கம் சேற்றில் இறக்குகிறவர்கள் அதில் பாதியில் மாற்றுவது நல்லது.

ஜே.சி. ரோட்டுக்குப் போகும் முன்

பெங்களூரில் உதிரிபாகம் என்றால் ஜே.சி. ரோடுதான். அங்கே தமிழிலேயே பேசி வாங்கிவிடலாம். போய் நின்றதும் கடைக்காரர் கேட்பது, “நைன்டியா, ஒன் ஃபார்ட்டியாண்ணா?” என்றுதான் இருக்கும். “ஜிஎல்-5, 80டபிள்யூ-90, டிஃபரன்ஷியலுக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனியா ஏடிஎஃப்” என்று முழுசாகச் சொல்லுங்கள். சும்மா “கியர் ஆயில்” என்றால் கைக்கு எட்டுகிற கேன் வரும். கேனின் சீல் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண்ணும் தேதியும் அழியாமல் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மற்ற கடைகளைவிட மிகவும் மலிவாக ஒரு கேன் கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்தபிறகு ஒரு வாஷர் குறைகிறது என்றால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஆறு பிளக்குக்கும் புது வாஷர் வாங்க வேண்டும். அலுமினியமோ காப்பரோ, பழைய வாஷரின் அளவில். வாஷர் ஒரு முறை நசுங்கித்தான் அடைக்கும். நசுங்கியதை மறுபடி போட்டால் கசியும்.

பல பிக்கப்களில் பிளக்கின் தலை 24 மி.மீ. அறுகோணமாகவோ, 10 மி.மீ. ஆலன் கீ துளையாகவோ இருக்கும். சிலவற்றில் சதுரத் துளை இருக்கும். அதற்கு ராட்செட்டின் அரை அங்குல முனையே நேராகப் பொருந்தும். உங்கள் வண்டியில் என்ன என்று சாக்பீஸ் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் வாங்கும்போது ஆறு மூலை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு மூலை பாக்ஸ் இறுகிப்போன பிளக்கின் விளிம்பை மழுக்கிவிடும், பிறகு அதைக் கழற்ற வெல்டிங்காரரைத் தேட வேண்டியதுதான். இவற்றோடு நீளமான கைப்பிடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், அகலமான டிரே, அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று, ஒரு கிலோ பனியன் வேஸ்ட், கையுறை.

எண்ணெயை ஏற்ற, கேனின் வாயில் மாட்டுகிற கைப்பம்ப் கிடைக்கிறது. அது இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் 3 மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் புனல், மறு முனை ஃபில்லர் துளைக்குள். புனலை ஆக்சிலைவிட நன்றாக உயரத்தில், பின் சக்கர வளைவுக்கு மேலே கட்டிவிட்டால் எண்ணெய் தானாக இறங்கும். மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் கை ஓயாது. டிசம்பர் காலையில் 90 நம்பர் ஆயில் விளக்கெண்ணெய் போல இருக்கும். கேனை அரை மணி நேரம் சுடுதண்ணீர் வாளியில் வைத்துவிட்டு ஊற்றினால் பாதி நேரம் மிச்சம்.

இடமும் மட்டமும்

வண்டி சமமான தரையில் நிற்க வேண்டும். இது ஒப்புக்குச் சொல்வதல்ல. எண்ணெயின் அளவைப் பார்க்க நமக்கிருக்கும் ஒரே வழி ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புதான். வண்டியின் மூக்கு தூக்கியிருந்தால் உள்ளே எண்ணெய் பின்னால் ஒதுங்கும், துளை பொய் சொல்லும். அபார்ட்மென்ட் பேஸ்மென்டுகளின் தரை சமமாகத் தெரிந்தாலும் தண்ணீர் ஓட ஒரு பக்கம் சாய்த்தே போட்டிருப்பார்கள். ஃபோனில் இருக்கும் ரசமட்டத்தைச் சேஸிஸ் மேல் வைத்துப் பாருங்கள். அசோசியேஷன்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கீழே பழைய பிளக்ஸ் பேனர், அதன் மேல் அட்டை, பக்கத்தில் ஒரு வாளி மரத்தூள்: இவ்வளவு இருந்தால் தரையில் கறை நிற்காது.

பிக்கப்பின் அடியில் பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே ஆள் நுழையலாம். அப்படி முடிந்தால் தூக்கவே வேண்டாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, நான்கு ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவற்றை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் வேண்டாம்; அவை எச்சரிக்காமல் நொறுங்கும். தரையில் நிற்கும் வண்டிக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் போட்டாலும் வண்டி உருளும் என்பதை மறக்க வேண்டாம்.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடியில் படிந்த தூளோடு சேர்ந்து வெளியே வரும். அதற்கு 15, 20 கி.மீ. ஓட்ட வேண்டும், ஓடுகிற சாலையில் ஓட்ட வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றால் இன்ஜின் சூடாகும், கிரவுன் குளிர்ந்தே இருக்கும். சக்கரம் சுழன்றால்தானே அதற்குச் சூடு. மீட்டரில் காட்டும் டெம்பரேச்சருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலையில் நைஸ் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தால் சரியாக இருக்கும். வந்ததும் அடியில் நுழைந்துவிடாதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள ஃபில்டர் கொதிக்கும். கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

பின் டிஃபரன்ஷியல்

முதலில் ஃபில்லர் பிளக். இந்த வரிசையை மாற்றக் கூடாது. டிரெய்னைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு ஃபில்லர் அசையவில்லை என்றால், எண்ணெய் இல்லாத ஆக்சிலோடு வண்டி வாசலிலேயே நிற்கும். மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகவும் முடியாது. ஃபில்லர் திறந்தால்தான் வேலை தொடங்குகிறது. திறக்காவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை, அன்றைக்கு விட்டுவிடலாம்.

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஆலன் கீ துளையாக இருந்தால் உள்ளே கல்லாக இறுகியிருக்கும் சேற்றை ஒரு ஆணியால் சுரண்டி எடுக்க வேண்டும். கீ முழு ஆழத்துக்கு இறங்காமல் திருகினால் துளை வட்டமாகிவிடும். பாக்ஸை மாட்டி, சுத்தியலால் அதன் தலையில் இரண்டு தட்டு. பிறகு ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு, அதன்பின் கழற்றும் பக்கம் திருகினால் பல பிளக்குகள் ‘டிக்’ என்று விட்டுக்கொடுக்கும். மசியாதவற்றுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு இரவு விடுங்கள்.

ஃபில்லர் வந்ததும் டிரேயை டிரெய்னுக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். டிரெய்ன் பிளக்கை உள்நோக்கி அழுத்தியபடியே விரலால் சுற்றி, கடைசி மரை வந்ததும் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் வீச்சு வளைந்து தள்ளித்தான் விழும். பிறகு நூலாக மெலிந்து, கடைசியில் சொட்டும். சொட்டுவதும் நிற்க கால் மணி நேரம் கொடுங்கள்.

தகட்டு மூடி உள்ள வண்டிகளில் கீழ் போல்ட்டுகளை முழுதாகக் கழற்றுங்கள், மேலே இரண்டை மட்டும் பாதி மரையில் விட்டுவிடுங்கள். பிறகு மூடியின் விளிம்பில் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை மெல்லச் செருகித் திறந்தால் எண்ணெய் கீழ்ப்பக்கமாக வடியும். மூடி முகத்தில் விழாது. திரும்ப மாட்டும்போது இரண்டு முகங்களிலும் உள்ள பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்து, அனபாண்ட் மாதிரியான ஆர்டிவி சிலிக்கானை ஒரு தீக்குச்சி கனத்துக்கு, போல்ட் துளைகளின் உட்பக்கமாக அறுபடாமல் ஒரு சுற்று இடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும். சிலிக்கான் டியூபில் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காய்ந்த பிறகுதான் எண்ணெய். அவசரப்பட்டவர்களின் மூடிதான் அடுத்த வாரமே வியர்க்கும்.

வடிந்ததைப் படிப்பது

இதைச் செய்யாமல் டிரேயைக் கவிழ்ப்பவர்கள் பாதி வேலையை விட்டுவிடுகிறார்கள். டிரெய்ன் பிளக்கின் முனையில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் விபூதியைக் குழைத்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அதை வழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால் அது இயல்பான தேய்மானம்; புது வண்டியின் முதல் மாற்றத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். விரலில் குத்தினால், ஊசி மாதிரியோ சில்லு மாதிரியோ தட்டுப்பட்டால், பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. புது எண்ணெய் ஊற்றி அதை மறைக்காமல் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

நிறத்தையும் வெயிலில் பாருங்கள். கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தங்கப் பொடி தூவியது போல மின்னினால் உள்ளே பித்தளை, வெண்கல வாஷர்கள் தேய்கின்றன. கருகிய வாடை வந்தால் சுமையிலோ எண்ணெய் குறைந்தோ அதிகமாகச் சூடேறியிருக்கிறது.

வடிந்ததை அளவு ஜாடியில் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். கையேட்டில் 2.5 லிட்டர் என்று இருந்து 1.8 தான் வந்தது என்றால், எங்கேயோ கசிகிறது அல்லது போன முறை மாற்றியவர் குறைத்து ஊற்றியிருக்கிறார். பினியன் கழுத்தில் உள்ள ஆயில் சீல், இரண்டு சக்கரங்களின் உட்பக்கம் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றுவது

காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, டிரெய்ன் பிளக்கை முதலில் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலால் சுற்றவில்லை என்றால் மரை கோணலாக மாட்டியிருக்கிறது, ஸ்பேனரால் வற்புறுத்தாதீர்கள். இறுக்க வேண்டிய அளவு கையேட்டில் இருக்கும், பல பிக்கப்களில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வாக்கில் வரும். வாஷரே இல்லாமல் கூம்பாக ஒடுங்கும் மரை உள்ள பிளக் என்றால் மரைக்குத் திரவ சீலன்ட் தடவி அளவாக இறுக்குங்கள். கூம்பு ஆப்பு மாதிரி. பலத்தைக் காட்டினால் ஹவுசிங் விரிசல் விடும்.

இப்போது எண்ணெயை ஏற்றுங்கள். ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பில் எண்ணெய் வழிந்து நூலாக இறங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். உள்ளே ஆக்சில் குழாய்களுக்குள் எண்ணெய் ஓடிப் பரவ நேரம் வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். சுண்டுவிரலை முதல் கணு வரை விட்டு மடக்கிப் பார்த்தால் விரல் நுனி நனைய வேண்டும். சில வண்டிகளுக்கு விளிம்பிலிருந்து இத்தனை மி.மீ. கீழே நிற்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருப்பார்கள். அங்கே விளிம்பு வரை ஊற்றுவது தவறு.

குறைந்தால் முதலில் காய்வது பினியனின் முன் பேரிங். அதிகமானால் எண்ணெய் நுரைத்து, அழுத்தம் ஏறி, ஆக்சில் ஓரத்துச் சீல் வழியாகப் பின் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். லைனர் நனைந்த பிக்கப் மழையில் எப்படி நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊற்றிய அளவு கையேட்டு அளவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டு ஃபில்லரை மூடுங்கள்.

முன் டிஃபரன்ஷியல்

அதே வேலைதான். அடியில் உள்ள பாதுகாப்புத் தகட்டை முதலில் கழற்ற வேண்டியிருக்கும். அதன் போல்ட்டுகள் துருவேறியிருந்தால் பிளக்கைவிட இதுவே அதிக நேரம் எடுக்கும். நகரத்தில் ஃபோர் வீல் போடாமலே ஓட்டுகிறவர்களின் முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் புதுசு மாதிரி வடியும். அதைப் பார்த்து அடுத்த முறை தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஓடாமல் கிடக்கும் பெட்டிக்குள்ளும் ஈரம் சேரும். மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் சில கி.மீ. ஃபோர் வீலில் ஓட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ்

இங்கே வித்தியாசம் உலோகத்தில் இருக்கிறது. ஹவுசிங் அலுமினியம், பிளக் பெரும்பாலும் எஃகு. இரும்பு ஆக்சிலில் காட்டிய பலத்தை இங்கே காட்டினால் மரை உரிந்து பிளக்கோடு கையில் வரும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் மற்ற இரண்டையும் கைப்பழக்கத்தில் முடித்துவிடலாம், இதற்கு மட்டும் கடன் வாங்கியாவது போடுங்கள். மரை ஏற்கெனவே போயிருந்தால் ஹெலிகாயில் என்ற சுருள் மரையை லேத் பட்டறையில் போட்டுக் கொடுப்பார்கள். எம்-சீல் பூசிச் சமாளிப்பது வேண்டாம்.

ஃபில்லர் முதலில், டிரெய்ன் பிறகு, அளப்பது, மூடுவது எல்லாம் முன்போலவே. சிவப்பு ஏடிஎஃப் வெளியே வரும்போது பழுப்பாகியிருந்தால் வழக்கமான முதுமை. ஆனால் கையேட்டு அளவைவிட நிறைய வடிந்தால் நின்று யோசியுங்கள்: கியர்பாக்ஸுக்கும் இதற்கும் நடுவிலுள்ள சீல் போய், அங்கிருக்கும் எண்ணெய் இங்கே இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கியர்பாக்ஸில் குறைந்திருக்கும். இரண்டையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

டியூபையும் பம்பையும் கியர் ஆயிலுக்குப் பயன்படுத்திய பிறகு அப்படியே ஏடிஎஃப்புக்கு மாற்ற வேண்டாம். முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸை முடித்துவிட்டு டிஃபரன்ஷியலுக்குப் போவது இன்னும் சுலபம்.

வெள்ளத்தில் இறங்கிய வண்டி

2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடும் சர்ஜாபூர் ரோடும் ஏரியானபோது, பிக்கப் உயரமாயிற்றே என்று தண்ணீரில் இறக்கியவர்கள் நிறையப் பேர். இன்ஜினுக்குள் தண்ணீர் போகாவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்குக் காற்றை உள்ளே விட ஆக்சிலின் மேல் பிரீதர் என்ற சின்ன மூச்சுத்துளை இருக்கிறது. அது மண்ணில் அடைத்திருந்தால் ஆயில் சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரே தண்ணீருக்குள் முங்கினாலும் அதே கதி.

ஆகவே ஆக்சில் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் போன வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. அந்த வாரமே ஃபில்லரைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். காபி நிறம் தெரிந்தால் வடித்துவிட்டு, மலிவான ஜிஎல்-5 ஊற்றி 50 கி.மீ. மெதுவாக ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். ஒரே தடவையில் தண்ணீர் முழுதாக வெளியேறாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பிரீதரின் மூடியை விரலால் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். அசையாமல் ஒட்டியிருந்தால் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். எந்தச் சீலை மாற்றினாலும் கசிவு நிற்கவில்லை என்று புலம்பும் வண்டிகள் பலவற்றில் குற்றவாளி இந்த மூடிதான்.

பழைய எண்ணெய்

ஐந்தாறு லிட்டர் மிஞ்சும். பக்கத்து ராஜகாலுவையில், அதாவது மழைநீர்க் கால்வாயில், ஊற்றினால் அது நேராக ஏரிக்குத்தான் போகும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயக் கழிவு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமே போக வேண்டும். காலி கேன்களில் நிரப்பி இறுக மூடி, கழிவு எண்ணெயை அப்படி அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். கரையானுக்கு மரத்தில் பூசலாம் என்று தெருவில் யாராவது கேட்பார்கள். கந்தக நாற்றம் வீட்டை விட்டுப் போகாது என்று சொல்லித் தடுத்துவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பது

20 கி.மீ. ஓட்டுங்கள். இடையில் மண் தரை கிடைத்தால் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு எடுங்கள். திரும்பி வந்து ஆறு பிளக்கையும் வெறும் விரலால் தடவிப் பாருங்கள். ராத்திரி மூன்று இடத்துக்குக் கீழும் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் தாளில் ஒரு சொட்டு விழுந்திருந்தால் அதற்கு நேர் மேலே இருக்கும் பிளக்கைத் துடைத்து, டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சரிபாருங்கள். அப்போதும் ஈரம் வந்தால் வாஷரை மாற்றுங்கள், இறுக்கத்தைக் கூட்டாதீர்கள். தாள் சுத்தமாக இருந்தால், மாற்றிய தேதி, கிலோமீட்டர், மூன்று இடத்தில் ஊற்றிய எண்ணெயின் பெயர், அளவு நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரைவர் கதவின் உள் விளிம்பில் ஒட்டிவிடுங்கள்.